கழற்ற முடிந்தால்தான் உழைக்கும்

மேசையோ நாற்காலியோ வாங்கப் போனால் நான் முதலில் பார்ப்பது அதன் அடிப்பக்கத்தை. குனிந்து பார்ப்பேன், தேவைப்பட்டால் தரையில் உட்கார்ந்தே பார்ப்பேன். கடைக்காரர் முகத்தில் ஒரு சங்கடம் தெரியும். கூட வந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று வேறு எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்வார்கள். இருக்கட்டும். மேல்பக்கம் விற்பதற்காகச் செய்தது, அது எல்லாக் கடையிலும் அழகாகத்தான் இருக்கும். கால் சட்டத்தோடு எப்படிச் சேர்கிறது, பலகையைப் பிடித்திருப்பது திருகா, பசையா, ஸ்டேப்ளர் பின்னா, முதுகை மூடியிருப்பது பலகையா, அட்டையா என்பதெல்லாம் அடியிலும் பின்னாலும்தான் தெரியும்.

இன்னொரு கேள்வியும் கேட்பேன்: "இதை எப்படிக் கழற்றுவது?" பெரும்பாலும் பதில் வராது. பூட்டுவதற்குப் படம் போட்ட தாள் இருக்கும், கழற்றுவதைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். உள் அலங்காரம் பற்றி எனக்கிருக்கும் அபிப்பிராயம் மொத்தமும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். ஒரு பொருள் நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் அது கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது. எல்லாப் பொருளும் என்றாவது எங்காவது ஓரிடத்தில் பழுதாகத்தான் போகிறது. அந்த ஓரிடத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சரிசெய்ய வழி இருக்கிறதா, இல்லை அதற்காக முழுச் சாமானையும் வாசலுக்கு வெளியே தள்ள வேண்டுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது எதை எடுத்தாலும் மேலே ஒரு பச்சை இலை ஒட்டியிருக்கிறது. மூங்கிலில் செய்தது, பழைய பாட்டில்களை உருக்கி நெய்தது, தண்ணீரில் கரையும் பெயிண்ட் பூசியது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாமான் எத்தனை வருஷம் இருக்கும் என்று இலை சொல்வதில்லை. நாலு வருஷத்தில் குப்பைக்குப் போகும் மூங்கில் அலமாரியைவிட, நாற்பது வருஷம் புழங்கிய சாதாரண இரும்பு அலமாரியை மேலானதாகவே நான் நினைக்கிறேன். இரும்பு உருக்க எரித்த நிலக்கரியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாகச் செய்வது, ஏற்றுவது, இறக்குவது, எறிவது எல்லாவற்றையும் கூட்டினால் மூங்கிலின் நல்ல பெயர் கரைந்துவிடும்.

எவ்வளவு எறிகிறோம் என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் ஒரு கணக்கு இருக்கிறது. 1960இல் அந்த நாட்டின் நகரக் குப்பையில் மரச்சாமான், மெத்தை வகையறா சுமார் 22 லட்சம் டன். 2018இல் 1 கோடியே 21 லட்சம் டன். அதில் 80 சதவீதம் நேராக மண்ணுக்குள் புதைக்கப்பட்டது. மக்கள்தொகை அந்தக் காலத்தில் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, எறிந்த சாமான் ஐந்து மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது.

பிரிட்டன் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் டஃபி அலுவலகக் கட்டடங்களை வைத்து ஒரு விஷயத்தைக் காட்டினார். ஐம்பது வருஷக் கணக்கை எடுத்தால், கட்டடத்தை எழுப்ப ஆன செலவைப்போல மூன்று மடங்கு அதன் உள்ளே மாற்றி மாற்றிச் செய்த வேலைகளுக்கு ஆகிவிடுகிறது. தடுப்புச் சுவர், பொய்க்கூரை, தரை, மின்கம்பி, குழாய் என்று ஒவ்வொன்றும் தன் வேகத்தில் பழசாகிறது. சுவர் நூறு வருஷம் நிற்கும், உள்ளே வைத்ததெல்லாம் பத்துத் தடவை மாறியிருக்கும். வீட்டுக்கு அந்த மூன்று மடங்கு அப்படியே பொருந்தாமல் போகலாம், போக்கு இதேதான்.

சரி, சிப்போர்டுக்கு வருவோம். மலிவான அலமாரி, கட்டில், புத்தகத் தட்டு எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது அதுதான். மரச்சீவலையும் தூளையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் கலந்து சூட்டில் அழுத்தி எடுக்கிற பலகை. மேலே மரம் மாதிரி அச்சடித்த காகிதம். இதைக் கெட்ட பொருள் என்று ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனசில்லை. மர ஆலையில் வீணாகப் போகிற துணுக்குகளைப் பயன்படுத்துகிறது, நெளியாமல் தட்டையாக நிற்கிறது, விலை குறைவு. ஒரே இடத்தில் நனையாமல், அசையாமல் இருந்தால் பல வருஷம் தாங்கும்.

பிரச்சினை அதைக் கழற்றும்போதுதான் வருகிறது. திருகு பிடிப்பதற்கு நார் வேண்டும். மரத்தில் நார் நீளவாக்கில் ஓடுகிறது, பிளைவுட்டில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருக்கிறார்கள். சிப்போர்டில் திருகு கவ்வியிருப்பது பசையில் ஒட்டிய சின்னச் சின்னத் துணுக்குகளை. முதல் தடவை முறுக்கும்போது நன்றாகவே பிடிக்கும். வீடு மாற்றக் கழற்றி, புது வீட்டில் திரும்ப முறுக்கினால் துணுக்குகள் உதிர்ந்து துளை பெரிதாகியிருக்கும். இரண்டாவது மாற்றலில் கதவு தொங்கும். மூன்றாவதற்கு அலமாரி வராது. தண்ணீர் சமாசாரம் இன்னும் மோசம். அழுத்தத்தில் நசுங்கிக் கிடந்த சீவல் ஈரம் பட்டதும் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. விளிம்பு வீங்குகிறது. காய்ந்த பிறகும் அந்த வீக்கம் வடியாது, இழைத்துச் சரிசெய்யவும் முடியாது. ஆகவே பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே சிப்போர்டு வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

அந்தப் பசை வேறு காற்றில் ஃபார்மால்டிஹைடு வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் மரச்சாமான்களுக்கு 2026 ஆகஸ்டிலிருந்து கன மீட்டர் காற்றுக்கு 0.062 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இது அதுவரை வழக்கத்தில் இருந்த 'இ1' என்ற ஐரோப்பிய வரம்பில் பாதி. புதிய சாமானிலிருந்துதான் அதிகம் வெளியேறும், நாளாக நாளாகக் குறையும். அடிக்கடி புதுசு வாங்குகிற வீடு அடிக்கடி அந்த முதல் வருஷத்தை மூச்சில் இழுக்கிறது என்று இதைப் படித்துக்கொள்ளலாம்.

"அப்படியானால் முழு மரத்தில் வாங்கிவிட வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். முழு மரம் மட்டும் காப்பாற்றாது. மரம் வெட்டின பிறகும் அசைந்துகொண்டே இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அகலவாக்கில் விரியும், வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசைவே இல்லை. ஒரு மீட்டர் அகல மேசைப் பலகை பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் போய் வரும். இதை அறிந்த தச்சர் மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்ட மாட்டார். நீளத் துளை போட்டு, திருகு அதற்குள் நகர இடம் விட்டு மாட்டுவார். கதவு செய்தால் சுற்றிலும் சட்டம், நடுவில் பள்ளத்துக்குள் பசையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பலகை. பலகை உள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும், கதவின் அளவு மாறாது. இந்த இடம் விடாமல் நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டினால் எவ்வளவு உசத்தியான மரமானாலும் ஒரு வறட்சியில் வெடித்துவிடும். நல்ல மரத்தில் செய்த மோசமான மேசைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மரத்துக்குக் கொடுத்த விலையைத் தச்சருக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மரம் எங்கிருந்து வந்தது என்பதும் உண்டு. 1993இல் தொடங்கிய எஃப்.எஸ்.சி. முத்திரை, காடு முறையாகப் பராமரிக்கப்பட்டதா என்று பார்த்துக் கொடுக்கப்படுவது. குறைகள் உள்ள ஏற்பாடுதான், இருந்தாலும் ஒன்றும் இல்லாததற்கு அது தேவலாம். எண்பது வருஷம் வளர்ந்த மரத்தில் செய்த சாமான் குறைந்தது எண்பது வருஷமாவது இருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அதற்குள் அந்த இடத்தில் இன்னொரு மரம் வளர்ந்துவிடும்.

நீடிப்பதற்குக் கனமும் காசும் வேண்டும் என்கிறவர்களிடம் நான் காட்டுவது ஒரு மலிவான, லேசான நாற்காலியை. மிஹாயெல் தோனெட் என்ற ஜெர்மானியத் தச்சர் வியன்னாவில் தொழில் நடத்தியவர். பீச் மரக் கழிகளை நீராவியில் வேகவைத்து வளைத்தார். வளைக்கும்போது வெளிப்புற நார் பிய்ந்துபோகாமல் இருக்க ஓர் இரும்புப் பட்டையை அதோடு சேர்த்துக் கட்டினார். 1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலி பிறகு ஆறு மரத்துண்டு, பத்துத் திருகு, இரண்டு மரை என்ற அளவுக்குச் சுருங்கியது. பிரித்துப் போட்டால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும். கப்பலில் போய், சேர்ந்த ஊரில் பூட்டிக்கொள்ளலாம். 1930க்குள் 5 கோடி விற்றிருக்கிறது. இன்றைக்கும் செய்கிறார்கள், நூறு வருஷப் பழசும் உபயோகத்தில் இருக்கிறது. பிரம்பு இருக்கை கிழிந்தால் பின்னிக்கொள்ளலாம். ஒரு கால் உடைந்தால் அந்தக் காலை மட்டும் மாற்றலாம். திருகு தளர்ந்தால் இறுக்கினால் போதும். உட்கார்ந்தால் லேசாகக் கொடுக்கும், அந்த நெகிழ்வும் அது உடையாமல் இருப்பதற்கு ஒரு காரணம்.

பெட்டியில் வருகிற, நாமே பூட்டிக்கொள்கிற சாமானை இந்த நூற்றாண்டின் கேடு என்று சிலர் சொல்கிறார்கள். தோனெட் அதை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே செய்துவிட்டார். அவருடைய திருகு போய்ச் சேர்ந்தது மரத்தில், அந்த ஒரு வித்தியாசம்தான்.

பசையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பழைய காலத்துச் சாமான்களை மிருகத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசையில் ஒட்டினார்கள். சூடும் ஈரமும் காட்டினால் அது இளகிவிடும், மூட்டைச் சேதமில்லாமல் பிரிக்கலாம், திரும்ப ஒட்டலாம். வயலின் செய்கிறவர்கள் இன்னும் அதை விடவில்லை. மேல்பலகையைத் திறந்து உள்ளே பழுது பார்க்க வேண்டிய நாள் வரும் என்று தெரிந்தே அதைப் போடுகிறார்கள். இப்போதைய செயற்கைப் பசைகள் மரத்தைவிட வலுவானவை. பிரிக்கப் பார்த்தால் ஒட்டு விடாது, பக்கத்து மரம் கிழியும். விளம்பரத்தில் இது பெருமை, பழுதுபார்க்கிறவருக்கு இது தலைவலி.

தரைக்கும் மேற்பரப்புக்கும் வேறொரு பார்வை வேண்டும். அங்கே நான் கேட்பது, நிறம் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்று. லேமினேட் தரையில் மர உருவம் ஒரு காகிதத்தில் இருக்கிறது, மேலே மெலமைன் படலம். படலம் தேயாத வரை பிரமாதம். தேய்ந்த அன்று உள்ளே இருக்கும் பழுப்பு நாரட்டை தெரியும், அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. உண்மையான மரத் தரையை உப்புத்தாள் இயந்திரம் வைத்து இழைத்தால் தடவைக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் போகும், அடியில் இருப்பதும் அதே மரம். பிளைவுட் மேல் மரத்தகடு ஒட்டிய தரை என்றால் அந்தத் தகட்டின் கனத்தைக் கேளுங்கள். நாலு மில்லிமீட்டர் என்றால் சில தடவை இழைக்கலாம். அரை மில்லிமீட்டர் என்றால் அது லேமினேட்டுக்கு அண்ணன், அவ்வளவே. மொசைக் தரையும் அப்படித்தான், பளிங்கு உடைசல் கனம் முழுக்கப் பரவியிருப்பதால் மங்கினால் திரும்ப மெருகு போட்டுக்கொள்ளலாம்.

தரையில் விரிக்கும் லினோலியத்துக்கு ஏன் மவுசு குறைந்தது என்று எனக்குப் புரிவதே இல்லை. பெயிண்ட் டப்பாவில் ஆளிவிதை எண்ணெய் மேலாகக் காய்ந்து ரப்பர் மாதிரி ஆடை கட்டியிருப்பதை ஃபிரெடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் கவனித்தார். 1860களில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த எண்ணெயோடு மரப்பிசின், கார்க் தூள், மரத்தூள் சேர்த்துச் சணல் துணியில் அழுத்தினால் லினோலியம். ஒரே கலவையாகச் செய்த நல்ல ரகத்தில் நிறம் அடிவரை போகும், கீறல் விழுந்தாலும் உள்ளே அதே நிறம். பிறகு வினைல் என்ற பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. துடைப்பது எளிது, விலை குறைவு, அச்சில் எந்த உருவமும் கிடைக்கும். லினோலியத்துக்கு அவ்வப்போது மெழுகு போட வேண்டியிருந்தது. பராமரிப்பே தேவையில்லை என்ற வாக்குறுதிக்கு ஜனங்கள் மயங்கினார்கள். பராமரிப்பே தேவையில்லாத பொருள் அநேகமாகப் பராமரிக்கவே முடியாத பொருளாகத்தான் இருக்கிறது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். கூரைக்குள் பதிக்கிற எல்.ஈ.டி. விளக்குகளில் பல, பல்பும் கூடும் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. 25,000 மணி நேரம் எரியும் என்று அட்டையில் போட்டிருக்கும். தினம் ஐந்து மணி நேரம் என்றாலும் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் வர வேண்டும். ஆனால் அந்த எண் வெளிச்சம் தரும் டயோடை மட்டும் கணக்கிட்டது. முதலில் போவது பெரும்பாலும் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர், அதிலும் சூட்டில் காய்ந்துபோகும் கெபாசிட்டர். சின்னத் துண்டு ஒன்று போனதற்காக அலுமினியக் கூடு முழுவதும் குப்பைக்குப் போகிறது. அப்புறம் புதுசு வாங்கப் போனால் துளையின் அளவு பொருந்தாது. எடிசன் காலத்து முறுக்கு ஹோல்டர், 27 மில்லிமீட்டர் அளவுடையது, இன்னும் பல நாடுகளில் கிடைக்கிறது. அதில் கார்பன் இழை பல்பும் எரிந்தது, டங்ஸ்டனும் எரிந்தது, இப்போது எல்.ஈ.டி.யும் எரிகிறது. பொது அளவு என்பதற்கு இவ்வளவு சக்தி உண்டு. அலமாரிக் கதவின் மறைகீலுக்கு 35 மில்லிமீட்டர் துளை என்பதும் அப்படி ஒரு பொது அளவு. எந்தக் கம்பெனி மூடினாலும் வேறு கம்பெனியின் கீல் அநேகமாகப் பொருந்தும். கைப்பிடி முதல் இழுப்பறை ஓடும் தண்டவாளம் வரை தனக்கென்று தனி அளவு வைத்திருக்கும் சாமானை, எவ்வளவு அழகானாலும், நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஜெர்மன் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் 1960இல் வடிவமைத்த 606 அலமாரித் தட்டு இன்னும் உற்பத்தியில் இருக்கிறது, இன்று வாங்கும் தட்டை அன்று வாங்கிய சட்டத்தில் மாட்டலாம். விலை அதிகம் என்பதும் உண்மை. அந்த ஒழுக்கத்தை மலிவுச் சாமானில் ஏன் செய்யக்கூடாது என்பதற்கு நல்ல பதிலை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ரசனையைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் பாதிச் சாமான் உடைவதற்கு முன்பே சலித்துப்போய் வெளியேறுகிறது. இதற்கு அலங்கார நிபுணர்கள் சொல்லும் மருந்து, எல்லாவற்றையும் சாம்பலும் வெளிர்மணலுமாக வைத்துக்கொள் என்பது. காலத்தால் பழசாகாதாம். எனக்கு ஒப்பவில்லை. சாம்பல் நிறமும் ஒரு மோஸ்தர்தான். இன்னும் கொஞ்ச நாளில் ஒரு வீட்டைப் பார்த்தாலே "இது அந்தச் சாம்பல் காலத்தில் கட்டியது" என்று சொல்லிவிடுவார்கள். பிடித்த நிறத்தை வையுங்கள், சுலபமாக மாறக்கூடிய இடத்தில் வையுங்கள். சுவர்ப் பூச்சு, திரை, மெத்தை உறை எல்லாம் ஒரு வாரத்தில் மாற்றலாம். டைல்ஸும் சமையலறை மேடையும் குளியலறைக் குழாயும் அப்படியில்லை. சோபா வாங்கினால் உறைக்கு ஜிப் இருக்கிறதா, உள்ளே இருக்கும் ஃபோம் தனியாக வருகிறதா என்று பாருங்கள். சட்டம் முப்பது வருஷம் தாங்கினாலும் ஃபோம் பத்து வருஷத்தில் அமுங்கிவிடும், அதையும் துணியையும் சட்டத்தோடு ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தால் மூன்றின் ஆயுளும் பத்து வருஷம்தான்.

கெட்டியான பொருளிலும் மறுபக்கம் உண்டு. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் கல் கறை பிடிக்காது, லேசில் கீறாது. வாங்குகிறவருக்கு நீடிக்கிற பொருள். அதில் சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். அதை அறுக்கும்போதும் இழைக்கும்போதும் பறக்கும் நுண்தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வருகிறது, அதற்குத் தீர்க்கும் மருந்து கிடையாது. வாலிப வயதுத் தொழிலாளிகளுக்கே வந்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லைச் செய்யவும் விற்கவும் பதிக்கவும் தடை போட்டது, அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். மேடை ஐம்பது வருஷம் நிற்கும், அறுத்தவர் நிற்க மாட்டார் என்றால் அந்த ஐம்பது வருஷத்தை நான் தரக்கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இவ்வளவும் சொந்த வீடும் கையில் காசும் உள்ளவர்களுக்குத்தானே என்று தோன்றலாம். வாடகை வீட்டில் தரையையும் கூரை விளக்கையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை, உண்மை. ஆனால் அடிக்கடி வீடு மாற்றுகிறவருக்குத்தான் கழற்றிப் பூட்டுகிற சாமான் அதிகம் உதவும். காசு குறைவு என்றால் பழைய சாமான் கடைதான் நல்ல இடம். முப்பது வருஷம் தாண்டி அங்கே வந்து நிற்கும் நாற்காலி பரீட்சையில் பாதியை ஏற்கெனவே பாஸ் செய்துவிட்டது. பழைய மர அலமாரியை ஆட்டிப் பாருங்கள். மூட்டு தளர்ந்திருந்தால் ஒட்டிக்கொள்ளலாம், பூச்சு போயிருந்தால் இழைத்துக்கொள்ளலாம். மரத்தில் புதிதாகத் தூள் கொட்டியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், உள்ளே பூச்சி இன்னும் வேலையில் இருக்கிறது.

புதிதாக வேலை செய்கிறவர்கள் ஒன்று மட்டும் மறக்காமல் செய்யலாம். மீந்த டைல்ஸில் ஒரு பெட்டியை எடுத்து வையுங்கள், அடுத்த தயாரிப்பில் நிறம் ஒரு சாயல் மாறிவிடும். பெயிண்டின் பெயரையும் எண்ணையும், கீலின் மாடல் எண்ணையும், எந்தச் சுவருக்குள் குழாய் எங்கே போகிறது என்ற படத்தையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். கூடவே ஒரு சின்னப் பையில் இரண்டு கீலும் ஒரு கைப்பிடியும் கொஞ்சம் திருகும். வேலை செய்தவர்களிடம் அன்றைக்கே கேட்டால் தந்துவிட்டுப் போவார்கள், ஆறு மாசம் கழித்துக் கேட்டால் அந்த மாடல் வருவதில்லை என்பார்கள்.